டேட்டா டொமைன் பெட்டியைக் கண்காணிப்பது எப்படி? பேக்கப் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

பேக்கப் குழுவில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரத்தில் கொடுக்கப்படும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் வந்ததும் பேக்கப் மென்பொருளைத் திறந்து, எத்தனை ஜாப் (ஒரு தடவை ஓடும் பேக்கப் வேலை) பச்சை, எத்தனை சிவப்பு என்று எண்ணி மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அந்த ஜாப்கள் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் பெட்டியைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. இரவு எட்டு மணிக்குத் தொடங்கிய ஜாப் மறுநாள் காலை பத்து மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தால் கைகாட்டும் படலம் தொடங்கும். பேக்கப் குழு நெட்வொர்க்கைச் சொல்லும், நெட்வொர்க் குழு ஸ்டோரேஜைச் சொல்லும், ஸ்டோரேஜ் குழு "பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஒரு வரி எழுதி டிக்கெட்டை மூடிவிடும்.

பெட்டிக்குள் நுழைந்து நான்கைந்து எண்களைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் இதில் பாதி விவாதம் தேவைப்படாது. அந்த எண்கள் எவை, எந்த வரிசையில் பார்ப்பது, எதைக் கண்டு பதற வேண்டாம் என்பதையே இங்கே எழுதுகிறேன். பேக்கப் தரவைச் சேமித்து வைக்கும் டெல் நிறுவனத்தின் டேட்டா டொமைன் பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். பெரிய நிறுவனங்களின் தரவு மையங்களில் அடிக்கடி கண்ணில் படுவது அது. வேறு நிறுவனத்தின் பெட்டியை வைத்திருப்பவர்களுக்குக் கட்டளைகள் மாறுமே தவிர, பார்க்கும் வரிசை மாறாது.

இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு நிமிடம் தெரிந்துகொள்வது நல்லது. டேட்டா டொமைன் 2001-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். நிறுவியவர்களில் ஒருவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கை லீ. 2009-இல் நெட்ஆப்புடன் போட்டி போட்டு இஎம்சி அதை வாங்கியது. 2016-இல் இஎம்சியையே டெல் வாங்கியது. வரும் தரவைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை கணக்கிட்டு, ஏற்கெனவே இருக்கும் துண்டை மறுபடி எழுதாமல் விடுவதுதான் பெட்டியின் அடிப்படை வேலை. இதை டீடூப்ளிகேஷன் என்பார்கள், பேச்சில் டீடூப். ஒவ்வொரு கைரேகையையும் டிஸ்க்கில் போய்த் தேடினால் பெட்டி நத்தையாகிவிடும். அந்தத் தேடலில் 99 சதவீதத்தைத் தவிர்க்கும் உத்திகளை அந்நிறுவனத்தினர் 2008-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அந்த உத்திகளால் வேலையின் பெரும் சுமை டிஸ்க்கிலிருந்து சிபியுவுக்கும் நினைவகத்துக்கும் மாறியது. ஆகவே இந்தப் பெட்டியில் சிபியு உயர்ந்து நிற்பது சாதாரண விஷயம். புதியவர்கள் முதலில் பயப்படுவது அதைப் பார்த்துத்தான்.

நுழையும் முன்

நிர்வாகி கணக்கைக் கேட்காதீர்கள். கொடுத்தாலும் வாங்காதீர்கள். டேட்டா டொமைனில் 'யூசர்' என்றொரு பொறுப்பு நிலை உண்டு. அதை வைத்துக்கொண்டு பெட்டியின் நிலையைப் பார்க்கலாம், அமைப்பை மாற்ற முடியாது. கண்காணிப்புக்கு அது போதும். பேக்கப் பெட்டி என்பது நிறுவனத்தின் கடைசி நம்பிக்கை. அதில் கை தவறி ஒரு கட்டளை விழுந்தால் திரும்ப எடுக்க வேறொரு பேக்கப் இருக்காது.

இணைய உலாவி வழியாகத் திறக்கும் சிஸ்டம் மேனேஜர் திரை அழகாக இருக்கும். முதல் பார்வைக்கு அதுவே நன்று. ஆனால் எஸ்எஸ்எச் எனும் பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நுழைந்து கட்டளை கொடுத்துப் பழகுங்கள். கிடைக்கும் விடையை அப்படியே நகலெடுத்து டிக்கெட்டில் ஒட்டலாம், நேற்றைய விடையோடு ஒப்பிடலாம். டேட்டா டொமைனின் கட்டளைகள் பெரும்பாலும் எளிய ஆங்கிலச் சொற்களே. இந்தக் கட்டுரையில் அவற்றை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

நுழைந்ததும் முதல் கட்டளை 'அலர்ட்ஸ் ஷோ கரன்ட்'. பெட்டி தானாகவே கண்டுபிடித்த குறைகள் இதில் இருக்கும். மின்விசிறி நின்றது, டிஸ்க் செத்தது, மின்சாரம் போனாலும் தரவைக் காக்கும் என்விராம் நினைவக அட்டையின் பேட்டரி பலவீனமானது என்று அதுவே சொல்லியிருக்கும்போது நாம் வேறெங்கோ தோண்டிக்கொண்டிருப்பது வீண். பழைய எச்சரிக்கைகள் மாதக்கணக்கில் தீர்க்கப்படாமல் கிடப்பதையும் இங்கே காணலாம். அது குழுவின் பழக்கத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

முதலில் இடம்

'ஃபைல்சிஸ் ஷோ ஸ்பேஸ்' என்று தட்டுங்கள். ஃபைல்சிஸ் என்பது இடைவெளி இல்லாத ஒரே சொல். விடையில் மூன்று வரிகளைக் கவனிக்க வேண்டும்.

ப்ரீ-காம்ப் என்பது பேக்கப் மென்பொருள் அனுப்பியதாக நினைக்கும் மொத்த அளவு. டீடூப் ஆன பிறகு டிஸ்க்கில் உண்மையிலேயே பிடித்திருக்கும் இடம் போஸ்ட்-காம்ப் வரியில் இருக்கும். ப்ரீ-காம்ப் 900 டெராபைட் என்றும் போஸ்ட்-காம்ப் 60 டெராபைட் என்றும் இருந்தால் வியக்க வேண்டியதில்லை. நாள்தோறும் அதே கோப்புகள் வந்துகொண்டிருந்தால் அப்படித்தான் இருக்கும். பெட்டி நிறைகிறதா என்று பார்க்க போஸ்ட்-காம்ப் வரியின் சதவீதம் மட்டுமே கணக்கு.

அதே வரியின் ஓரத்தில் 'க்ளீனபிள்' என்றொரு எண் இருக்கும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. காலாவதியான பேக்கப்களைப் பேக்கப் மென்பொருள் அழித்த உடனே பெட்டியில் இடம் கிடைத்துவிடாது. ஒரு துண்டைப் பல கோப்புகள் பகிர்ந்துகொண்டிருக்கும் என்பதால், எந்தத் துண்டு யாருக்கும் வேண்டாததாகிவிட்டது என்று தேடிப் பார்த்துத்தான் இடத்தை விடுவிக்க முடியும். அந்தத் துப்புரவு வேலை வழக்கமான அமைப்பில் வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்குத் தொடங்கும். திங்கட்கிழமை 20 டெராபைட்டை அழித்துவிட்டு "இடம் வரவில்லையே" என்று கேட்பவருக்குச் செவ்வாய் வரை பொறுங்கள் என்பதே பதில். அதற்காகத் தினமும் துப்புரவை ஓட்டலாம் என்று சிலர் கிளம்புவார்கள். வேண்டாம். அது சிபியுவையும் டிஸ்க்கையும் தின்னும். அடிக்கடி ஓட்டினால் தரவு சிதறி, மீட்டெடுக்கும்போது படிக்கும் வேகமும் குறையும்.

துப்புரவு முடிந்த பிறகும் இடம் வரவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். பழைய ஸ்னாப்ஷாட்டுகள், அதாவது ஒரு நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைத்த பதிவுகள், அந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அல்லது வேறு ஊரிலுள்ள இரண்டாவது பெட்டிக்கு நகல் போவது பின்தங்கியிருக்கலாம். போய்ச் சேராத தரவை இங்கே அழிக்க முடியாது.

மூன்றாவது வரி டிடிவார். பதிவுக் கோப்புகளும் சப்போர்ட்டுக்கு அனுப்பத் திரட்டிய மூட்டைகளும் கிடக்கும் சிறிய பகுதி அது. பேக்கப் தரவு அங்கே போகாது. ஆனாலும் அது நிறைந்தால் எச்சரிக்கை வரும், யாரோ ஒருவர் பேக்கப்பே நின்றுவிட்டதைப் போலக் கூப்பாடு போடுவார். எந்த வரி நிறைந்தது என்று நிதானமாகப் பாருங்கள்.

போஸ்ட்-காம்ப் 80 சதவீதத்தைத் தொட்டதும் நான் எழுத்தில் தெரிவித்துவிடுவேன். கூடுதல் டிஸ்க் அலமாரி வாங்குவது ஒரே நாளில் நடக்கும் காரியமா? கொள்முதல் துறையில் கோப்பு நகரும் வேகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று 'ஃபைல்சிஸ் ஷோ கம்ப்ரஷன்'. கடந்த ஏழு நாளிலும் கடந்த 24 மணி நேரத்திலும் எத்தனை மடங்கு சுருங்கியது என்று தனித்தனியாகக் காட்டும். ஏழு நாள் சராசரி 15 மடங்காக இருக்க, நேற்று மட்டும் 3 மடங்கு என்றால் ஏதோ மாறியிருக்கிறது. புதிய சர்வர்கள் முதன்முறையாக வந்திருக்கலாம். தரவுத்தள நிர்வாகி தன் பக்கத்திலேயே சுருக்கத்தையோ குறியாக்கத்தையோ இயக்கியிருக்கலாம். அப்படி வரும் தரவு ஒவ்வொரு நாளும் புதிதாகவே தெரியும், டீடூப்புக்கு வேலை இருக்காது. இன்னொரு சாத்தியம் கெட்டது: ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டிக்கொண்டிருந்தாலும் சுருக்கம் இப்படித்தான் விழும். காரணம் தெரியாமல் இந்த எண் விழுந்தால் அன்றே பாதுகாப்புக் குழுவுக்குச் சொல்லுங்கள். பொய் எச்சரிக்கையாகப் போனால் போகட்டும்.

சிபியு, டிஸ்க், ஸ்ட்ரீம்

'சிஸ்டம் ஷோ ஸ்டாட்ஸ் இன்டர்வல் 2' என்று கொடுத்தால் இரண்டு விநாடிக்கு ஒரு வரி ஓடும். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், பயன் குறைவு. நேற்று இரவு என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் 'சிஸ்டம் ஷோ பெர்ஃபார்மன்ஸ் டியூரேஷன் 24 எச்ஆர் இன்டர்வல் 10 மின்' என்று கேளுங்கள். 24 மணி நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாக விரித்துவிடும். வரி நீளமாக இருப்பதால் திரையை அகலமாக்கிக்கொண்டு படியுங்கள்.

அதில் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

ஒன்று, எழுதும் வேகம், படிக்கும் வேகம். இரண்டு, ஸ்ட்ரீம் எண்ணிக்கை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் எழுதவோ படிக்கவோ திறந்திருக்கின்றன என்பது. ஒவ்வொரு மாடலுக்கும் இதற்கு ஓர் உச்ச அளவு உண்டு, மாடலின் கையேட்டில் இருக்கும். இரவு எட்டு மணிக்கே எல்லா ஜாப்களையும் தொடங்கும்படி யாரோ அட்டவணை போட்டிருந்தால் எட்டிலிருந்து பத்து வரை ஸ்ட்ரீம் உச்சத்தில் நிற்கும், விடியற்காலை மூன்று மணிக்குப் பெட்டி சும்மா இருக்கும். அதற்குத் தீர்வு அட்டவணையில் இருக்கிறது.

மூன்று, சிபியுவும் டிஸ்க்கும் எவ்வளவு சதவீதம் வேலையில் இருந்தன என்பது. பேக்கப் ஓடும் நேரத்தில் சிபியு 80, 90 என்று போய்விட்டுத் திரும்ப இறங்கினால் கவலையில்லை, வாங்கியதே அதற்குத்தான். பேக்கப் எதுவும் ஓடாத மதிய வேளையிலும் அங்கேயே நின்றால் காரணம் தேட வேண்டும்.

அந்தக் காரணம் பெரும்பாலும் நான்காவது இடத்தில் இருக்கும். 'ஸ்டேட்' என்ற தலைப்பின் கீழ் சில ஆங்கில எழுத்துகள் தோன்றி மறையும். சி என்றால் துப்புரவு ஓடுகிறது. டி என்றால் செத்த டிஸ்க்குக்குப் பதிலாக உதிரி டிஸ்க்கில் தரவு மறுபடி கட்டப்படுகிறது. வி என்றால் எழுதியதைச் சரிபார்க்கிறது. "செவ்வாய்க்கிழமை மட்டும் பேக்கப் மெதுவாகிறது" என்ற புகாரைச் செவ்வாய் வரிகளில் வரும் ஒரு சி எழுத்து தீர்த்துவைக்கும்.

டி எழுத்து தெரிந்தால் 'டிஸ்க் ஷோ ஸ்டேட்' பாருங்கள். டேட்டா டொமைன் டிஸ்க்குகளை ரெய்டு-6 முறையில் தொகுக்கிறது. ஒரு தொகுதியில் இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் போனாலும் தரவு பிழைக்கும். எனவே ஒரு டிஸ்க் போனதும் பதறி ஓட வேண்டாம்; ஆனால் மாற்று டிஸ்க்கை வரவழைக்கத் தாமதிக்கவும் வேண்டாம். மாற்றும்போது ஒரு விஷயம். டிஸ்க்கின் அடையாளம் 3.7 என்பது போல இருக்கும். மூன்றாவது அலமாரியில் ஏழாவது டிஸ்க். ரேக்கின் முன்னால் நிற்பவர் மேலிருந்து எண்ணுகிறாரா, கீழிருந்து எண்ணுகிறாரா என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். நிர்வாகியிடம் 'டிஸ்க் பீக்கன் 3.7' என்று தட்டச் சொல்லுங்கள். அந்த டிஸ்க்கின் விளக்கு மட்டும் மின்னும். மின்னுவதை உருவுங்கள் என்று தொலைபேசியில் சொன்னால் குழப்பமே வராது.

நெட்வொர்க் வன்பொருள்

"நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எந்தப் போர்ட், எவ்வளவு வேகத்தில் இணைந்திருக்கிறது, அதில் எத்தனை பிழைகள் என்று கேட்டால் எதிர்ப்பக்கம் நிமிர்ந்து உட்காரும். அதற்கான கட்டளை 'நெட் ஷோ ஹார்டுவேர்'.

விடையில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு வரி. ஈத்1ஏ, ஈத்1பி என்பவை தரவுப் போர்ட்டுகள். ஈத்எம்ஏ என்று எம் சேர்ந்து வந்தால் அது நிர்வாகப் போர்ட். பக்கத்தில் வேகம், டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் தரவு போகுமா என்பது; ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்), அந்தப் போர்ட் தாங்கக்கூடிய வேகங்கள், வன்பொருள் முகவரி, செம்புக் கம்பியா கண்ணாடி இழையா, இணைப்பு உண்டா இல்லையா என்பவை வரிசையாக இருக்கும்.

வேகம் என்ற கட்டத்தையும் தாங்கக்கூடிய வேகம் என்ற கட்டத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். 10 ஜிகாபிட் தாங்கும் போர்ட்டில் 1 ஜிகாபிட் என்று தெரிந்தால் கதை அங்கேயே முடிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜிகாபிட் என்பது விநாடிக்கு 125 மெகாபைட். பத்து டெராபைட் தரவு அதன் வழியாகப் போக 80,000 விநாடி, அதாவது 22 மணி நேரத்துக்கும் மேல். 10 ஜிகாபிட்டில் அதே தரவு 8,000 விநாடியில், இரண்டேகால் மணி நேரத்துக்குள் போய்விடும். இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். இரவு எட்டுக்குத் தொடங்கிய முழு பேக்கப் மறுநாள் மாலைதான் முடிகிறது என்ற புகாருக்கு, திரையில் தெரியும் அந்த ஒற்றை எண்ணே விடையாக இருக்கும். ஸ்விட்ச்சில் 1 ஜிகாபிட் போர்ட்டில் செருகியிருப்பார்கள். அல்லது போர்ட்டில் செருகும் டிரான்ஸீவர் (சிக்னலை அனுப்பிப் பெறும் சிறு பாகம்) மாறியிருக்கும். செம்புக் கேபிள் என்றால் அதன் ரகத்தைப் பாருங்கள்: 10 ஜிகாபிட் வேகத்துக்கு கேட்-6ஏ 100 மீட்டர் வரை தாங்கும், கேட்-6 என்றால் 55 மீட்டர்தான்.

டூப்ளெக்ஸ் கட்டத்தில் 'ஹாஃப்' என்று பார்த்தால் ஸ்விட்ச் பக்கத்தில் வேகத்தைக் கைமுறையாக 100 மெகாபிட் என்று பூட்டியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். ஒரு பக்கம் பூட்டி, மறுபக்கம் தானியங்கியாக விட்டால், தானியங்கிப் பக்கத்துக்கு வேகம் புரியும், டூப்ளெக்ஸ் புரியாது. ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். அதன்பின் மோதல்களும் மறு அனுப்புதல்களுமாகக் கிடக்கும். இப்போது இது அரிது. பழைய நிர்வாகப் போர்ட்டுகளில் இன்னும் தலைகாட்டும்.

நிர்வாகப் போர்ட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இணைப்பெல்லாம் 10 ஜிகாபிட், பிழை இல்லை, பெட்டி ஓய்வாக இருக்கிறது, பேக்கப் மட்டும் ஊர்கிறது என்றால் 'சிஸ்டம் ஷோ ஸ்டாட்ஸ் வியூ நெட்' கொடுத்து, பேக்கப் ஓடும்போதே எந்தப் போர்ட்டில் தரவு பாய்கிறது என்று பாருங்கள். தரவுப் போர்ட்டுகள் அமைதியாகவும் ஈத்எம்ஏ மூச்சு முட்டிக்கொண்டும் இருக்கலாம். பேக்கப் மென்பொருளில் பெட்டியின் பெயரை எழுதியவர், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயர் நிர்வாக முகவரியைக் காட்டுகிறதா, தரவு முகவரியைக் காட்டுகிறதா என்று பார்த்திருக்க மாட்டார். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய போர்ட்டுகள் வெறுமனே கிடக்க, எல்லாத் தரவும் நிர்வாகக் கம்பியில் நெருக்கியடித்துப் போகும். இதைக் கண்டுபிடித்துத் தருபவருக்குக் குழுவில் மரியாதை கூடும்.

அடுத்து பிழைகள். 'நெட் ஷோ ஸ்டாட்ஸ் இன்டர்ஃபேசஸ்' ஒவ்வொரு போர்ட்டிலும் வந்தவை, போனவை, பிழையானவை, கைவிடப்பட்டவை என்று எண்ணிக்கை தரும். இவை பெட்டி கடைசியாக எழுந்ததிலிருந்து கூடிக்கொண்டே வரும் எண்கள். 4,000 பிழை என்று ஒருமுறை பார்த்துவிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. போன வருடம் யாரோ கேபிளை ஆட்டியபோது வந்தவையாகவும் இருக்கலாம். குறித்துக்கொண்டு, பேக்கப் ஓடும் நேரத்தில் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் நோய் இப்போது இருக்கிறது. பெட்டி பெறும் பக்கத்தில் பிழை ஏறினால், பழுது ஸ்விட்ச்சின் அனுப்பும் டிரான்ஸீவர், நடுவிலுள்ள கேபிள், பெட்டியின் பெறும் டிரான்ஸீவர் ஆகிய மூன்றில் ஒன்று. கண்ணாடி இழையாக இருந்தால் முதலில் இணைப்பு முனையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசியே போதும் ஒளியை மறிக்க. அதற்கென்று விற்கும் துடைப்பான் உண்டு. சட்டை நுனியால் துடைப்பவர்களைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

நெட்வொர்க் குழுவுக்கு டிக்கெட் எழுதும்போது வன்பொருள் முகவரியைச் சேர்த்து எழுதுங்கள். ரேக் வரைபடம் பழையதாக இருந்தாலும், அந்த முகவரி எந்த ஸ்விட்ச்சின் எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று அவர்கள் நொடியில் கண்டுபிடிப்பார்கள். "எங்கள் பெட்டி எந்தப் போர்ட்டில் இருக்கிறது?" என்று இரண்டு நாள் மின்னஞ்சல் பறப்பது மிச்சமாகும்.

இரண்டு போர்ட்டுகளை ஒன்றாகக் கட்டியிருந்தால், அதாவது அக்ரிகேட் செய்திருந்தால், 'நெட் அக்ரிகேட் ஷோ' பாருங்கள். கட்டியதில் ஒரு கால் ஒடிந்தாலும் கட்டு நிற்கும், யாருக்கும் தெரியாது, பேக்கப் நேரம் மட்டும் நீண்டுவிடும். இன்னொரு தவறான எதிர்பார்ப்பும் உண்டு. இரண்டு 10 ஜிகாபிட் போர்ட்டைக் கட்டினால் ஒரு ஜாப்புக்கு 20 கிடைக்கும் என்று நினைப்பது. சுங்கச்சாவடியில் எத்தனை தடம் திறந்திருந்தாலும் ஒரு லாரி ஒரு தடத்தில்தான் போகும். போர்ட்டுகளைக் கட்டும் எல்ஏசிபி முறையில் ஒரு டிசிபி இணைப்பு ஒரு கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். பல இணைப்புகள் சேர்ந்து வரும்போதுதான் இரண்டு கம்பிகளும் நிறையும். அதுவும் எந்த விவரங்களை வைத்துக் கம்பியைத் தேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஐபி முகவரியோடு போர்ட் எண்ணையும் சேர்த்துத் தேர்ந்தால் பங்கீடு சற்றுச் சீராகும். போகும் திசையைப் பெட்டியும் வரும் திசையை ஸ்விட்ச்சும் தனித்தனியே முடிவு செய்கின்றன என்பதால் இரு பக்கமும் பார்க்க வேண்டும். பேக்கப்பில் பெரும்பகுதி பெட்டிக்கு வரும் தரவு. ஆகவே ஸ்விட்ச் பக்கத்து அமைப்பு முக்கியம்.

ஜம்போ ஃபிரேம் இயக்கியிருக்கிறார்களா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பொட்டலத்தின் அளவு 1,500 பைட், ஜம்போ என்றால் பெரும்பாலும் 9,000. சர்வர், நடுவிலுள்ள எல்லா ஸ்விட்ச்சுகள், பெட்டி ஆகிய அனைத்திலும் அது பொருந்த வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனாலும் அறிகுறி விசித்திரமாக இருக்கும்: பிங் போகும், உள்நுழைய முடியும், ஜாப் தொடங்கும், பெரிய தரவு பாயத் தொடங்கியதும் அப்படியே உறைந்து நிற்கும். சோதிக்க, 8,972 பைட் அளவில், துண்டாக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு பிங் அனுப்பச் சொல்லுங்கள். 9,000-இல் தலைப்புகளுக்கு 28 பைட் போக மீதி அது. சின்ன பிங் போய் இது போகவில்லை என்றால் வழியில் எங்கோ 1,500 இருக்கிறது.

கம்பியே இவ்வளவுதான் தாங்குகிறதா, பேக்கப் மென்பொருள்தான் மெதுவா என்று பிரித்தறிய ஐபெர்ஃப் உதவும். டேட்டா டொமைனிலேயே 'நெட் ஐபெர்ஃப்' இருக்கிறது. டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் நிரப்பிக் காட்டும். பேக்கப் ஓடும் நேரத்தில் ஓட்டிவிடாதீர்கள். கம்பியை அதுவே நிரப்பிவிடும். சர்வரிலிருந்து பெட்டிக்கு ஐபெர்ஃப் 9 ஜிகாபிட்டுக்கு மேல் காட்டி, பேக்கப் மட்டும் 1-இல் நின்றால் நெட்வொர்க் குழுவை விட்டுவிட்டு மூல சர்வரின் டிஸ்க் வேகத்தைப் பாருங்கள்.

டிடி பூஸ்ட் என்ற டேட்டா டொமைன் மென்பொருளைப் பயன்படுத்தும் இடங்களில் எண்கள் ஒத்துப்போகாதது போலத் தெரியும். பூஸ்ட் இருந்தால் டீடூப் வேலையின் ஒரு பகுதி மூல சர்வரிலேயே நடந்து, புதிய துண்டுகள் மட்டுமே கம்பியில் வரும். பேக்கப் மென்பொருள் விநாடிக்கு 400 மெகாபைட் என்று பெருமையடிக்கும், 1 ஜிகாபிட் கம்பியோ பாதிகூட நிறைந்திருக்காது. இரண்டும் உண்மைதான். ஃபைபர் சேனல் வழியாக டேப் நூலகம் போல நடிக்கும் விடிஎல் முறையில் ஓடும் ஜாப்கள் ஈத்தர்நெட் போர்ட்டுகளில் தெரியவே தெரியாது. அதற்கு சான் (ஸ்டோரேஜுக்கான தனி நெட்வொர்க்) ஸ்விட்ச் பக்கம் போக வேண்டும்.

வரைபடமாக்குவது

கட்டளைகள் இன்றைய நிலையைச் சொல்லும். மூன்று மாதப் போக்கு தெரிய வேண்டுமானால் எஸ்என்எம்பி எனும் கண்காணிப்பு நெறிமுறை வழியாக ஒரு கண்காணிப்பு மென்பொருளுடன் இணைக்க வேண்டும். ஜாபிக்ஸ், லிப்ரெஎன்எம்எஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. கேள்வி 161-ஆம் போர்ட்டில் போகும், பெட்டி தானாக அனுப்பும் எச்சரிக்கை 162-இல் வரும். ஃபயர்வாலில் இரண்டையும் சொல்லிவையுங்கள். எஸ்என்எம்பியின் மூன்றாம் பதிப்பையே கேளுங்கள். முதலிரண்டு பதிப்புகளில் கடவுச்சொல் வெட்டவெளியில் போகும்.

நெட்வொர்க் வரைபடத்தில் ஒரு பொறி இருக்கிறது. போர்ட்டின் பைட் எண்ணிக்கைக்கு 32 பிட் எண்ணி ஒன்றும் 64 பிட் எண்ணி ஒன்றும் உண்டு. 32 பிட் எண்ணி சுமார் 429 கோடி பைட்டில் நிறைந்து பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 10 ஜிகாபிட் கம்பி நிறைந்து ஓடினால் விநாடிக்கு 125 கோடி பைட். மூன்றரை விநாடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் மென்பொருள் எத்தனை சுற்று நடந்தது என்று எப்படி அறியும்? வரைபடம் குறைவாகக் காட்டும், நாமும் கம்பி காலியாக இருக்கிறது என்று நம்புவோம். 64 பிட் எண்ணியைத்தான் படிக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எச்சரிக்கை எல்லைகளைப் புத்தகத்தைப் பார்த்து வைக்காதீர்கள். சிபியு 80-ஐத் தாண்டினால் மின்னஞ்சல் என்று வைத்தால் தினம் இரவு மின்னஞ்சல் வரும், ஒரு வாரத்தில் எல்லோரும் அதைத் தனி உறைக்குள் தள்ளிவிடுவார்கள். முதல் மாதம் எந்த எல்லையும் வைக்காமல் எண்களை மட்டும் சேருங்கள். எல்லா ஜாப்களும் நேரத்தில் முடிந்த ஒரு நல்ல நாளைத் தேர்ந்து, அன்றைய உச்ச சிபியு, உச்ச ஸ்ட்ரீம், எழுதும் வேகம், சுருக்க மடங்கு, ஒவ்வொரு போர்ட்டின் வேகம், பிழை எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வையுங்கள். மாத இறுதியில் கணக்கு முடிக்கும் நாள்களுக்குத் தனித் தாள். பிறகு வரும் புகார்களை இந்தத் தாளோடு ஒப்பிட்டால் போதும்.

இணைப்பு அறுந்தது, வேகம் மாறியது, டிஸ்க் செத்தது, துப்புரவு ஓடவில்லை, சுருக்கம் பாதியாக விழுந்தது ஆகியவற்றுக்கு மட்டும் உடனடி எச்சரிக்கை வையுங்கள். வேகம் மாறியதற்குப் பெரும்பாலானோர் வைப்பதில்லை. இணைப்பு உயிரோடுதானே இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். 10 ஜிகாபிட் 1 ஆவது இப்படித்தான் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போகிறது.

சப்போர்ட்டை அழைக்கும்போது

பெட்டியின் வரிசை எண், இயங்குதளப் பதிப்பு, தொல்லை தொடங்கிய நேரம், அதற்கு முந்தைய நாள் யார் எதை மாற்றினார்கள் என்ற விவரம் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். நேரத்தைச் சொல்லும் முன் 'என்டிபி ஸ்டேட்டஸ்' பார்த்துப் பெட்டியின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று சோதியுங்கள். பெட்டி ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தால் ஸ்விட்ச்சின் பதிவோடு எந்த வரியும் பொருந்தாது. அவர்கள் சப்போர்ட் மூட்டை கேட்பார்கள். அதைத் திரட்ட நிர்வாகியின் உதவி வேண்டியிருக்கும். தொல்லை நடந்துகொண்டிருக்கும்போதே திரட்டுவது நல்லது, எல்லாம் சரியான பின் எடுத்த மூட்டையில் எதுவும் தெரியாது. அனுப்பி முடித்து, அவர்கள் கிடைத்தது என்று சொன்ன பிறகு, அந்த மூட்டையை டிடிவாரிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த எச்சரிக்கை அதிலிருந்தே வரும்.